எட்டு மீட்டர் தள்ளி ஒருத்தர்

காரில் ஏதாவது கோளாறு என்றால் ஓனருக்கு உடனே தெரிந்துவிடும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பிரேக் பிடிக்காவிட்டால் கண்டிப்பாகத் தெரிகிறது. ஏ.சி. கொஞ்சம் மக்கர் பண்ணினால் பின் சீட்டிலிருந்து அறிக்கை வருகிறது. ஹாரன் வேலை செய்கிறதா என்று நிமிஷத்துக்கு நாலு தரம் நாமே செக் பண்ணிக்கொள்கிறோம்.

ஒரே ஒரு சமாசாரம் மட்டும் ஓனருக்குச் சுலபத்தில் தெரியாது. அவருடைய ஹெட்லைட் எங்கே பார்க்கிறது என்பதுதான் அது! அதைத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் எதிரே வருகிறவருக்கு மட்டுமே. அவர் நின்று நிதானமாகப் புகார் எழுதிக் கொடுக்க முடியாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார். நாம் கண்ணாடியை ஏற்றி விட்டிருப்பதால் அதுவும் காதில் விழுவதில்லை. பரம திருப்தியாக வீடு போய்ச் சேர்கிறோம்.

இந்த ஞானம் எனக்குப் பிறந்த இடம் எங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம்.

மஞ்சள் போர்டு வண்டிகள் அடிக்கடி எஃப்.சி.க்குப் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சொந்தக் காருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆர்.சி. புத்தகம் 15 வருஷம் செல்லும். அதற்கப்புறம்தான் வம்பு. படிவம் 25-ஐ நிரப்பி, பசுமை வரியைக் கட்டி, வண்டியை நேரில் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும். ‘ஓடும்’ என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் இன்னும் 5 வருஷம் ஆயுள் நீட்டிப்பு. இதற்கான கட்டணம் காருக்கு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அதை 5,000 ஆக்கிவிட்டார்கள். கார்களுக்கும் முதுமையில்தான் வைத்தியச் செலவு கூடுகிறது.

எங்கள் கார் அப்பா 2010-ல் வாங்கியது. 2025-ல் அதற்கு 15 முடிந்தது. சர்வீஸ் பண்ணி, வாட்டர் வாஷ் அடித்து, டேஷ்போர்டு பிள்ளையாருக்குப் புதுப் பூ வைத்து, கல்யாணப் பெண் மாதிரி கூட்டிக்கொண்டு போனேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். (மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது போர்டில் எழுதியிருக்கும் பெயர். ஜனங்கள் வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர்.) சேஸிஸ் நம்பரைப் பார்த்தார். ஓட்டிப் பார்த்தார். வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் பாஸ். அப்புறம் ஷெட் நிழலில் ஒரு சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தச் சொல்லி, ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

“இறங்கி வந்து பாருங்க சார்.”

போய்ப் பார்த்தேன். இடது லைட் சுவரின் கீழ்ப்பக்கம் அடக்கமாக விழுந்திருந்தது. வலது லைட் தகரக் கூரைக்குப் பக்கத்தில் ஒரு பல்லிக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது.

“லைட்டுன்னா ரோட்டைப் பாக்கணும் சார். உங்க வண்டி மொட்டை மாடியில காயப் போட்ட துணியைப் பாக்குது. செட் பண்ணிட்டு வாங்க.”

அவ்வளவுதான். கோபம் இல்லை, கொஸ்டின் இல்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

காரணம் பிறகு புரிந்தது. முந்தின வருஷம் வீட்டு வாசலில் நின்றிருந்த வண்டியை ஒரு லோடு ஆட்டோ இடித்துவிட்டுப் போயிருந்தது. டிங்கரிங் பண்ணின பட்டறையில் மட்கார்டைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கிக் கொடுத்தார்கள். உள்ளே ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்ததைச் சொல்லாமல் அப்படியே மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டில் 2022-லிருந்து இந்தக் கார் இரவில் வெளியே போனதே இல்லை. கோயில், ஆஸ்பத்திரி, மார்க்கெட், எல்லாம் பகல் டியூட்டி. ஏன் என்பது பின்னால் வருகிறது.

மைதானத்திலிருந்து நேராக ஒரு கார் அலங்காரக் கடைக்குப் போனேன். கடைப் பையன் பிரச்னையைக் கேட்கவே இல்லை. தீர்வு ரெடியாக வைத்திருந்தான்.

“எல்.இ.டி. போட்டுடலாம் சார். வெள்ளை வெளேர்னு அடிக்கும். ராத்திரியே பகல் மாதிரி இருக்கும்.”

“யாருக்கு?”

பையனுக்குக் கேள்வி விளங்கவில்லை. அவன் மேல் தப்பில்லை. ஹெட்லைட் வாங்க வருகிற யாரும் இதைக் கேட்பதில்லை.

அங்கிருந்து எங்கள் பேட்டை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பழைய பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பாடம் எடுத்தார். எங்கள் காரில் இருப்பது ஹெச்-4 என்கிற வகை. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். பிரைட்டுக்கு 60 வாட்ஸ், டிம்முக்கு 55. டிம் இழைக்கு அடியில் மட்டும் நகம் அளவுக்கு ஒரு தகரக் கிண்ணம் இருக்கிறது.

“இந்தக் கிண்ணம்தான் சார் எல்லாம். கண்ணாடிக்குண்டுக்குள்ள கீழ்ப்பக்கம் விழற வெளிச்சம் எகிறி மேல போகும். எதிர்ல வர்றவன் கண்ணுக்குப் போறது அதுதான். இந்தக் கிண்ணம் அதை மறைச்சிடுது. சுவத்துல அடிச்சா, மேல இருட்டு, கீழ வெளிச்சம்னு கத்தியால வெட்டின மாதிரி கோடு விழும். கண்ட பல்பை மாட்டினா வெளிச்சம் பொறக்குற இடமே மாறிடும். கோடு போயிடும். எல்லாப் பக்கமும் அடிக்கும்.”

“முன்னெல்லாம் ஹெட்லைட் நடுவுல கறுப்புப் பொட்டு வைப்பாங்களே அண்ணே?” போலீஸ்காரர்களே வண்டியை நிறுத்திக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டின காலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

“அது வெளிச்சத்தைக் கொஞ்சம் கொறைக்கும் சார். திசையை மாத்தாது. மாறுகண்ணுக்கு மை தீட்டின கதைதான்!”

இதைவிடச் சிறந்த ஆப்டிக்ஸ் பாடத்தை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கேட்டதில்லை. நான் படித்தது பி.காம். என்பது வேறு விஷயம்.

புது கிளிப் போட்டாயிற்று. ஆனால் லைட்டைப் பகலில் செட் பண்ண முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு, எங்கள் தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்தின் காம்பவுண்டு சுவருக்கு எதிரே கூடினோம். நான், மெக்கானிக் அண்ணன், ஒரு டேப், ஒரு சாக்பீஸ், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். கூப்பிடாமலே அப்பாவும் வந்துவிட்டார். அவர் வாங்கிய வண்டி. அவர் இல்லாமல் ஆபரேஷன் நடக்கலாமா?

முதலில் நாலு டயருக்கும் காற்று. ஒரு பக்கம் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும், லைட்டும் சாயும். அடுத்து டிக்கியைத் திறந்தார் அண்ணன். உள்ளே 15 வருஷ வரலாறு! ரேஷன் அரிசி மூட்டை ஒன்று, பழநி பஞ்சாமிர்த டப்பாக்கள் (காலி), தண்ணீர் கேன் இரண்டு, குடைகள் மூன்று, எந்த வீட்டுக்கோ போக வேண்டிய ஒரு சீர்வரிசைக் குத்துவிளக்கு.

“எல்லாத்தையும் இறக்குங்க. பின்னாடி வெயிட் இருந்தா முன்னாடி மூக்கைத் தூக்கும். மூக்கு தூக்கினா லைட்டும் தூக்கும்.”

இதனால்தான் பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னக் குமிழ் வைத்திருக்கிறார்கள். பின் சீட்டில் மூன்று மாமாக்களும் டிக்கியில் அவர்கள் பெட்டிகளும் ஏறினால் அதைத் திருப்பி லைட்டைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். இது எதற்கு என்று ஆபீஸில் நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் ஏ.சி. என்றார். ஒருவர் வைப்பர் வேகம் என்றார். ஒருவர், “அதைத் தொடாதே” என்றார். நாலாமவர் பஸ்ஸில் வருகிறவர்.

சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். டிரைவர் சீட்டில் நான், எடைக்கு! (வாழ்க்கையில் முதல் முறையாக என் தொப்பைக்கு ஒரு தொழில்நுட்ப உபயோகம்.) ஹெட்லைட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். 65 சென்டிமீட்டர். அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு. அதற்குக் கீழே 5 சென்டிமீட்டரில் இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இந்த இரண்டாவது கோட்டில் வந்து உட்கார வேண்டும்.

கணக்கு சுலபம். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம், அதாவது ஒரு சதவிகிதம். இந்தச் சரிவில் 65 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கிளம்புகிற வெளிச்சம் சரியாக 65 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். ரோடு தெரிய அது போதும். அதே லைட்டை மட்டத்துக்கு மேலே ஒரே ஒரு டிகிரி தூக்குங்கள். 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சத்தின் விளிம்பு ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். அந்த உயரத்தில் என்ன இருக்கும்? டூவீலரில் வருகிற ஒருவருடைய கண்!

சுவர் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால், எல்லாம் படித்துவிட்டு வந்த என் மேதாவித்தனத்தைக் காட்ட ஆசைப்பட்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 106-வது விதி. படிக்கப் படிக்கச் சுவாரஸ்யம். ஹெட்லைட் கண்ணைக் கூசக் கூடாது என்று மொட்டையாகச் சொல்லாமல், யாருடைய கண்ணை என்று சட்டம் ஓர் ஆளையே கற்பனை பண்ணி நிறுத்தி வைத்திருக்கிறது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரம். வலது பக்கமாக அரை மீட்டர். கண் இருக்கும் உயரம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். அந்த ஆளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. இந்தியாவில் உள்ள அத்தனை கார், லாரி, பஸ்ஸுக்கும் முன்னால் அவர் நின்றுகொண்டே இருக்கிறார். அவர் கண் கூசக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

“ஒன்றரை மீட்டர் உயரத்துல கண்ணுன்னா, ஆள் அஞ்சடி நாலு அங்குலம் இருப்பான்” என்றார் அண்ணன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அப்பாவைப் பார்த்தோம்.

அப்பாவுக்கு ஏக குஷி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேப் பிடித்து அளந்த இடத்தில் போய் நின்றார். அண்ணன் வலது லைட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “முதல்ல இப்ப இருக்கிறதைப் பாப்போம். போடுங்க சார்.”

டிம்மில்தான் போட்டேன். அப்பாவின் முகம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. கையை உயர்த்தி மறைப்பார் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. அப்படியே நின்றார். இரண்டு மூன்று விநாடி.

“போதும். அணைடா.”

குரல் சரியாக இல்லை. அணைத்துவிட்டு இறங்கி ஓடினேன். “என்னப்பா?”

“ஒண்ணுமில்ல” என்றார். மண்டபப் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

2022-ல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்புக்குத் தனியாகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கிராமத்திலிருந்து மெயின் ரோடு வருகிற ஒற்றை ரோடு. எதிரே ஒரு வண்டி. டிம் பண்ணச் சொல்லி இவர் லைட்டை அடித்து அடித்துக் காட்டியிருக்கிறார். அது அசையவில்லை. தாண்டிப் போனதும் கண்ணில் ஒரே இருட்டு.

“எண்ணிப் பாத்தேன் தம்பி. ஒண்ணு, ரெண்டு, மூணு... அப்புறம்தான் ரோடு தெரிஞ்சுது. தெரியும்போது பாத்தா, இடது பக்கம் ஒருத்தர் சைக்கிள்ல நாலு குடம் தண்ணி கட்டித் தள்ளிக்கிட்டுப் போறாரு. கையை நீட்டினா தொடலாம். அவருக்கு நான் வந்ததே பெரிசாத் தெரியலை. திரும்பிக்கூடப் பாக்கலை. நான்தான் ஓரமா வண்டியை நிறுத்திட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்.”

மறுநாள் கார் சாவியை என்னிடம் கொடுத்து, “வயசாச்சு, இனிமே ராத்திரி ஓட்டலை” என்று சொன்னது ஞாபகம் வந்தது. கேட்டராக்ட் என்று நாங்கள் நினைத்தோம். ஆபரேஷனும் பண்ணியாயிற்று. பிறகும் அவர் ராத்திரி சாவியைத் தொடவில்லை. மூன்று வருஷமாக அந்தத் தண்ணீர்க் குடக்காரரை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

என் பி.காம். மூளை அங்கேயே கணக்குப் போட்டது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். மூன்று விநாடிக்கு 50 மீட்டர். அந்த 50 மீட்டரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினதுதான். கண்ணின் சுபாவம் அப்படி. வெளிச்சத்துக்குச் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளும். வயசு ஏற ஏற அது இன்னும் நிதானம். கேட்டராக்ட் இருந்தால் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, விளக்கைச் சுற்றிச் சாமி படம் மாதிரி ஒளிவட்டம் கட்டும்.

அண்ணன் எதுவும் பேசவில்லை. ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஒவ்வொரு லைட்டுக்கும் பின்னால் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று மேலே கீழே, ஒன்று இடது வலது. ஒரு லைட்டை அட்டையால் மறைத்துவிட்டு இன்னொன்றைத் திருப்பினார். கால் திருகு, அரைத் திருகு. சுவரில் வெளிச்சத்தின் கோடு மெல்ல இறங்கி, சாக்பீஸ் கோட்டில் வந்து அமர்ந்தது. வலது பக்கம் மட்டமாகவும், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியும் இருந்தது. அதுவும் கோணல் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். நாம் இடது பக்கம் ஓட்டுகிற ஊர். ஓரத்தில் நடந்து போகிறவர் தெரிவதற்காக இடது பக்கம் ஏற்றம், எதிரே வருகிறவர் கண்ணுக்காக வலது பக்கம் அடக்கம். அந்தத் தண்ணீர்க் குடக்காரர், எங்கள் அப்பா, இருவருக்கும் அந்த ஒரு கோட்டில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்!

“ஐயா, இன்னொரு தடவை நிக்கிறீங்களா?”

அப்பா போய் நின்றார். லைட்டைப் போட்டேன். வெளிச்சம் அவருடைய முழங்காலுக்குச் சற்று மேலே, மடித்துக் கட்டிய வேட்டியோடு நின்றுவிட்டது. முகம் நிழலில் இருந்தது.

“எப்படிப்பா இருக்கு?”

“அந்தத் தம்பி கீழ உக்காந்திருக்கிறது தெரியுதுடா” என்றார். “முதல் தடவை தெரியலை.”

அடுத்த வாரம் அதே மைதானம், அதே சுவர். இன்ஸ்பெக்டர் பார்த்தார், தலையை ஆட்டினார், கையெழுத்துப் போட்டார். இதற்கு மெஷின் வந்துவிட்டது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த தானியங்கிச் சோதனை நிலைய விதிகளில் ஹெட்லைட்டை அளக்கிற கருவியும் உண்டு. வரட்டும், நல்லதுதான். ஆனால் மனுஷனோ மெஷினோ, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது நமக்காக இல்லை. நம் எதிரே வரப்போகிற முகம் தெரியாத ஆயிரம் பேருடைய பிரதிநிதியாகத்தான்.

ஹெட்லைட்டை வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். செலவு நம் பெயரில், லாபத்தில் பெரும் பங்கு எதிரே வருகிறவர் பெயரில். அவருடைய லைட்டிலிருந்துதான் நமக்கு லாபம் வரவேண்டும். எங்கள் லைட் சரியானதால் அப்பா ராத்திரி ஓட்ட ஆரம்பித்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆரம்பிக்கவில்லை. அவரைப் பயமுறுத்துவது எங்கள் காரின் லைட் இல்லையே, மற்றவர்களுடையது அல்லவா? வேறு எந்த ஊரிலோ யாருடைய அப்பாவோ எங்கள் காருக்கு எதிரே வந்து, ஒன்றுமே நடக்காமல் வீடு போய்ச் சேருவார். எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

நான்கு வழிச்சாலையில் நடுவே வரிசையாக அரளிச் செடி வைத்திருக்கிறார்களே, அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் அதிகம் கேட்காது, மாடு மேயாது, முக்கியமாக எதிர்ப்பக்கத்து ஹெட்லைட்டை மறைக்கும். ஆனால் நடுவில் செடி வைக்க இடமில்லாத ரோடுகள்தான் நம் ஊரில் அதிகம். அங்கே அரளி செய்கிற வேலையை நம் கையில் இருக்கிற டிம் சுவிட்சும், பானெட்டுக்குள் இருக்கிற இரண்டு ஸ்க்ரூவும்தான் செய்ய வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு சுவர், ஒரு டேப், ஒரு சாக்பீஸ் போதும். 8 மீட்டர் தள்ளி நிற்க மட்டும் உங்களுக்குப் பிரியமான ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து உங்கள் மேனேஜரைக் கூப்பிடாதீர்கள். ஸ்க்ரூவைத் திருப்ப மனசே வராது!